குழாய்த் தண்ணீர் குடித்த வண்டி

‘செவ்வாய். ஓய்வு நாள். குள்ளஞ்சாவடி வரை போய்வந்தேன். பலாப்பழம் ஒன்று, நடுத்தரம். வெயில் கடுமை. வண்டி சுகம்.’

என் குறிப்பேட்டில் ஆனி மாதத்துப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது. நீல மை. என் கையெழுத்துதான், சந்தேகமில்லை. கிழமையையும் ஓய்வு நாளையும் ஒன்றாக எண்ணினால் ஐந்து செய்திகள். நான்கு உண்மை.

சில வாரங்களுக்கு முன்பு இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருந்தார். நான் எழுதும் கிழமைகளைப் பழைய நாள்காட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாராம். ஒன்றும் தவறவில்லையாம். ‘உங்கள் குறிப்பேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்’ என்று முடித்திருந்தார். அந்த அட்டை என் மேஜைக் கண்ணாடியின் அடியில் கிடக்கிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த ஐந்தாவது செய்தி குறுக்கே வந்து நின்றது. இந்த வாரம் எழுதுவதே அவருக்கான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

பச்சை எங்கே

ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமைக் காலை. முந்தின நாள் தூறலின் ஈரம் நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் மிச்சமிருந்தது. காற்றே இல்லை. அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து வரும் நீராவி நேராக எழுந்து, எங்கள் பிளாக்கின் மேல் கலையாமல் நின்றது. இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள், மேகம் அங்கேதான் தயாராகிறது என்று நம்பி வளர்ந்தவர்கள். என் மகளும் ஏழு வயது வரை அப்படித்தான் நம்பினாள்.

மகள் பெயர் தமிழரசி. வீட்டில் அரசி. சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பு எடுத்திருக்கும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் வேலை. அன்று அவள் தன் மோட்டார் சைக்கிளின் கூலன்ட்டை மாற்ற உட்கார்ந்திருந்தாள். எஞ்சினைச் சுற்றி ஓடி, அதன் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து ஆற்றிவிட்டுத் திரும்பவும் எஞ்சினுக்கே போகும் பச்சைத் திரவம் அது. இரண்டு நாளாக அவள் முதல் ஷிப்டுக்குப் போகும் வழியில் சூட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“வண்டிய நேராப் பிடிச்சுக்கோப்பா. ஆடாத.”

“பிடிச்சுட்டுதானே இருக்கேன்.”

“கனவு கண்டுட்டே பிடிக்காத. கையால பிடி.”

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும் என்பதால் காப்பிகூடக் குடிக்காமல் ஆரம்பித்திருந்தாள். பம்ப்பின் அடியில் உள்ள சின்ன போல்ட்டைத் தளர்த்தி, கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினை நகர்த்தினாள். முதலில் சொட்டு. மேலே ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும், அதுவரை மூச்சை அடக்கியிருந்ததுபோல, ஒரு கனமான தாரை பேசினுக்குள் விழுந்தது.

நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். பேசினில் கலங்கிய நீர். அடியில் சுண்ணாம்புபோல வெள்ளைத் தூள். விளிம்பில் டீ நிறத்தில் ஒரு வளையம். நிறம் மறந்துபோன நீர்.

“பச்சை எங்கப்பா?” என்றாள் அரசி.

எனக்குத் தெரியும். வண்டியின் கைப்பிடியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன்.

கதிரின் அட்டை

அந்த வண்டியை அரசி வாங்கியது இரண்டு வருடம் முன்பு, பழையதாக. வாங்கித் தந்தவர் கதிர். வடலூர் சாலையில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் காடாம்புலியூர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போனவர்கள். அவர் பதினைந்து வருடம் பிறர் கடைகளில் வேலை செய்து, பிறகு சொந்தமாக இந்தக் கொட்டகையைப் போட்டார். பள்ளிக்குப் போகும் ஒரு மகள் இருக்கிறாள்.

கதிருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாகத்தை மாற்றினாலும், கழற்றிய பழைய பாகத்தை ஒரு கவரில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவார். திரவங்களைக் கவரில் போட முடியாது, அதற்கு அட்டை. ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எதை மாற்றினாலும் தேதியோடு ஒரு சிறு அட்டையில் எழுதி சீட்டின் அடியில் ஒட்டுவார். தேதி போடும் மனிதர்களை எனக்கு உடனே பிடித்துவிடும்.

சுரங்கத்துக்கும் மின்நிலையத்துக்கும் வண்டி ஓட்டிப் போகும் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். குழுவின் பெயர் ‘வண்டிக்காரிகள்’. மற்ற கடைகளில் இவர்கள் போய் நின்றால், வண்டியில் என்ன கோளாறு என்பதை மெக்கானிக்குகள் பக்கத்தில் நிற்கும் யாரோ ஓர் ஆணிடம்தான் சொல்வார்களாம். ஒரு கடையில் அரசியின் வண்டியைப் பற்றி பெட்ரோல் கேனோடு நின்ற அந்நியர் ஒருவரிடம் கால் மணி நேரம் விளக்கியிருக்கிறார்கள். கதிர் அப்படியில்லை. “தங்கச்சி, இங்க வந்து பாருங்க” என்று டார்ச் அடித்துக் காட்டிவிட்டுத்தான் கழற்றுவார். முதலில் போனவள் அரசி. அவள் சொல்லி மற்ற பத்துப் பேரும் போனார்கள். கதிர் கடையில் வாரத்துக்கு நாலு வண்டி நிற்கிறதென்றால், அதில் இரண்டு வண்டிக்காரிகளுடையது.

அன்று காலை சீட்டைத் தூக்கி அந்த அட்டையைப் பார்த்தாள் அரசி. மாசி மாதத் தேதியோடு, ‘கூலன்ட் புதுசு’ என்று கதிரின் சாய்ந்த எழுத்து. பேசினைப் பார்த்தாள். திரும்ப அட்டையைப் பார்த்தாள்.

“ஏமாத்திட்டாருப்பா.”

குள்ளஞ்சாவடியில் ஒரு வாய் தண்ணீர்

ஆனி மாதம் அரசி பயிற்சிக்காகப் பத்து நாள் சென்னை போயிருந்தாள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது ஒரே நிபந்தனை: “ஓட்டிக்கோப்பா. ஆனா ஏதாவது லைட் எரிஞ்சா உடனே எனக்குச் சொல்லு.”

ஐம்பத்தொன்பது வயதில் ஒருவன் இருநூறு சி.சி. வண்டியில் தனியாகப் போவதைப் பற்றி நியாயமாக ஒன்றும் சொல்ல முடியாது. வடலூரைத் தாண்டியதும் சாலை என்னை விட்டுவிட்டுத் தானே போவதுபோல இருந்தது. இருபுறமும் முந்திரித் தோப்பு, அதன் அடியில் சிவந்த மண், மண்ணின் மேல் நிழல் வட்டங்கள். பலாப்பழ வாசனை சாலையில் ஓரிடத்தில் வந்து, ஒரு வளைவு வரை கூடவே ஓடி, பிறகு நின்றுகொண்டது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் வேறு யாரோ தூங்குவதுபோலக் கேட்டது. எந்த வயதில் இருக்கிறேன் என்று கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருக்க மாட்டேன்.

குள்ளஞ்சாவடி முச்சந்தியில் சந்தை நெரிசல். வண்டி ஊர்ந்தது. சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தது.

ஒரு டீக்கடை நிழலில் நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். பிறகு துணியைச் சுற்றி மூடியைத் திறந்தால், உள்ளே மட்டம் தெரியவில்லை. கையில் இருந்தது வீட்டுத் தண்ணீர் பாட்டில்.

நெய்வேலிக்காரர்கள் எங்கே போனாலும் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கல்யாண வீட்டில் குளிர்ந்த பாட்டில் தண்ணீர் வரிசையாக வைத்திருந்தாலும் பையிலிருந்து எங்கள் பாட்டில்தான் வெளியே வரும். நான் தாமிரபரணிக் கரையிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன். முதல் ஆறு மாதம் இந்தத் தண்ணீரைக் குறை சொன்னேன். இப்போது திருநெல்வேலிக்குப் போனாலும் இரண்டு கேன் கொண்டுபோகிறேன்.

டீக்கடை அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க, வண்டிக்குத் தாகமா?”

“ஆமாம்மா. சூடாயிடுச்சு.”

“அது நெய்வேலித் தண்ணியா? அதப் போயி ஊத்திகினு இருக்கறீங்க. எனக்கு ஒரு வாய் குடுங்க மொதல்ல.”

கொடுத்தேன். அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “சொம்மா சொல்லக் கூடாது. எளநி மாதிரிதான் இருக்குது” என்றார். அந்தப் பெருமையில்தான் மிச்சத்தை ஊற்றினேன். வண்டி குடித்தது. விளக்கு அணைந்தது. ஒரு பலாப்பழத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று மாலை குறிப்பேட்டைத் திறந்தபோது, விளக்கைப் பற்றி எழுதலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அரசி என் குறிப்பேட்டைப் படிப்பவள். எழுதினால் சாவி இனி கிடைக்காது. அந்தச் சாலை இனி கிடைக்காது. ‘வண்டி சுகம்’ என்று எழுதினேன். அவள் ஊர் திரும்புவதற்குள் இன்னும் இரண்டு முறை, காலையில் யாரும் எழுவதற்கு முன், வாசல் குழாயிலிருந்து பிடித்து ஊற்றினேன்.

அடியில் இருப்பது

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் வேலை செய்வது அனல்மின் நிலையத்தின் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில், டீ.எம். பிளான்ட் என்பார்கள். கெமிஸ்ட். கொதிகலனுக்குப் போகும் தண்ணீரிலிருந்து உப்பை ஒரு பொட்டுகூட மிச்சமில்லாமல் எடுப்பதுதான் முப்பது வருடமாக என் தொழில். சுண்ணாம்புச் சத்து துளி இருந்தாலும் அது சூட்டில் குழாயின் உட்சுவரில் பாறையாகப் படியும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். வீட்டிலும் சொந்தமாக ஒரு சிறு பரிசோதனைப் பெட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எங்கள் குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதித்துக் குறித்துவைக்கிறேன். அதாவது, குள்ளஞ்சாவடியில் நான் ஊற்றிய தண்ணீரில் என்ன இருந்தது என்பது என் பக்கங்களிலேயே இருந்தது.

அப்படியிருந்தும் ஊற்றினேன். ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

இந்த ஊரில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு படுத்திருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். இறைப்பதை நிறுத்தினால் தரையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சுரங்கத்துக்குள் கூட்டிப்போனார்கள். கன்னங்கரிய சுவர்களுக்கு நடுவில், தடித்த குழாய்களில் தண்ணீர் போகும் ஓசை. தரையில் உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்தது. பிரம்மாண்டமான ஒன்று அடியில் புரண்டு படுப்பதுபோல இருந்தது. அன்றிலிருந்து எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும்: எங்கள் பிளாக், பள்ளிக்கூடம், மார்க்கெட் எல்லாம் மெல்ல மேலே மிதந்து எழும். யாரும் பயப்பட மாட்டார்கள். என் மனைவி கோமதி வாசலில் நின்று கோலம் போட்டுக்கொண்டிருப்பாள்.

நம்மை மிதக்கவைக்கும் அளவுக்கு இருக்கிற தண்ணீர், தெருக்குழாயில் இனிப்பாக வருகிற தண்ணீர், கெடுதல் செய்யும் என்று மனம் ஒப்புக்கொள்வதில்லை. கொதிகலனுக்கு ஒரு நியாயம், நம் வீட்டுக்கு ஒரு நியாயம். இதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

திராட்சைச் சிவப்பு

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

அரசி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். தட்டத் தொடங்கினாள். வண்டியைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தேன். ‘வண்டிக்காரிகள்’ குழு. ‘கதிர் கடையில் கூலன்ட் மாத்துனேன்னு சொல்லிட்டு வெறும் பைப் தண்ணி ஊத்தியிருக்காரு. எல்லாரும் அவங்கவங்க வண்டியத் தொறந்து பாருங்க. இனிமே அங்க போகாதீங்க.’

பதினோரு பேர். வாரத்துக்கு இரண்டு வண்டி. அந்தத் தகரக் கொட்டகை என் கண்ணில் வந்து நின்றது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

“இரும்மா. ஆதாரம் இல்லாம ஒருத்தர் மேல பழி போடக் கூடாது. சோதிச்சுப் பாத்துடலாம்.”

அவள் யோசித்தாள். போனைக் குப்புற வைத்தாள். “சரி. நீதான் கெமிஸ்ட்டு. பாரு.”

என் மனதில் என்ன இருந்தது என்றால், நேரம் வாங்க வேண்டும். அந்த நேரத்தில் ஏதாவது நடக்கும். வண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துவந்தேன். பேசினிலிருந்து கொஞ்சம் எடுத்து வடிகட்டி, சோதனைக் குழாயில் விட்டு, மருந்து சில சொட்டு விட்டு, நிறம் காட்டும் கறுப்புத் தூளில் ஒரு சிட்டிகை போட்டு ஆட்டினேன். சுண்ணாம்பு இல்லாவிட்டால் நீலம் வர வேண்டும். வந்தது திராட்சைச் சிவப்பு. காலை வெயிலில் பிடித்தபோது மிக அழகாக இருந்தது. வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டேன். முப்பது வருடப் பழக்கம்.

“பைப் தண்ணி,” என்றாள் அரசி.

“கடினத்தன்மை இருக்கு.”

“அதத்தான் சொல்றேன். பைப் தண்ணி.”

போனைத் திருப்பினாள். அனுப்பிவிட்டாள்.

ஆறு நிமிடம்

வாசல் கதவின் மேல் எங்கள் சுவர்க் கடிகாரம் தெரியும். பார்ப்பது என் வியாதி. பார்த்தேன்.

சோதனைக் குழாயைக் கழுவ உள்ளே போனேன். கோமதி திருவதிகைக்காரி. அவள் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாத்திரம் கழுவற எடத்துல அந்த மருந்த ஊத்தாதீங்க.”

வெளியே வாளியில் ஊற்றினேன். குழாயை ஒருமுறை கழுவினேன். இன்னொரு முறை கழுவினேன்.

“அந்தப் புள்ள அப்படி செஞ்சிருக்காதுங்க,” என்றாள் அவள், கீரையைக் கிள்ளிக்கொண்டே. “கழட்டுன ஆணியக்கூட கவர்ல போட்டுக் குடுக்கற ஆளு. வேற யாரு கையி பட்டுதோ.”

“ம்.”

“இன்னா ம்? அந்தக் கண்ணாடிய எத்தினி வாட்டி கழுவுவீங்க?”

மூன்றாவது முறை கழுவிக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே கோபுரத்து மேகம் அப்படியே நின்றது. தண்ணீர் என் விரல்களின் மேல் ஓடியது. இனிப்பான தண்ணீர். திடீரென்று அதன் கனம் தெரிந்ததுபோல இருந்தது.

வெளியே வந்தேன்.

“அரசி, அது நான் ஊத்துனது.”

“எது?”

“தண்ணி. நீ சென்னைல இருந்தப்போ. குள்ளஞ்சாவடில லைட் எரிஞ்சுது. மூணு தடவ ஊத்துனேன். கதிர் மேல தப்பில்ல.”

என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் முதலில் பாய்ந்தது போனுக்கு. அழுத்தினாள். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம்.

“அய்யோ,” என்றாள். “யார் யார் பாத்திருக்காங்கன்னு பாத்துட்டு அழிச்சிருக்கணும். இனிமே பாக்க முடியாது.”

பிறகு படியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரிந்தது.

“அப்பா, நீ சோதன வேற பண்ணுன.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

“நீ ஊத்துன தண்ணிய நீயே எடுத்து, மருந்து போட்டு, வெளிச்சத்துல காட்டி, தலைய வேற ஆட்டுன.”

“பழக்கம்மா.”

“நோட்டுல எழுதுனியா?”

“‘வண்டி சுகம்’னு எழுதுனேன்.”

உள்ளேயிருந்து கோமதி சிரிக்கும் சத்தம் கேட்டது. அரசி சிரிக்கவில்லை.

அலசுதல்

குழுவில் மறுபடி என்ன எழுதுவது என்று எங்களுக்குள் வாதம். எதையும் எழுதாமல் விட்டால் படித்தவர்கள் மனதில் அது அப்படியே நிற்கும். எழுதினால் படிக்காதவர்களுக்கும் தெரியும். பிழை எங்கே வந்ததோ அங்கேதான் திருத்தமும் வர வேண்டும் என்றேன். “உன் திருத்தத்த நீயே சொல்லு, நான் அடிக்கறேன்” என்றாள். சொன்னேன். ‘எங்கப்பா வண்டியில் குழாய்த் தண்ணி ஊத்திட்டாரு. யாரும் இப்படிச் செய்யாதீங்க. கதிர் போட்ட கூலன்ட்ல ஒரு குறையும் இல்ல. மேல அழிச்சது என்னோட தப்பு.’ கடைசி வரியை மட்டும் அவளே சேர்த்தாள்.

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. ‘அங்கிள், டீ.எம். பிளான்ட்ல இருந்துட்டேவா?’ என்று ஒருத்தி. இன்னொருத்தி, வண்டிக்கு அடுத்த வேளை மோர் கொடுக்கச் சொன்னாள்.

பிறகு வேலை பார்த்தோம். கடையில் வாங்கிய பேட்டரித் தண்ணீரை, உப்பு நீக்கியதை, ரேடியேட்டரில் நிரப்பி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்தோம். வெள்ளைத் தூள் வந்தது. மறுபடி நிரப்பி, ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்தோம். ஒவ்வொரு முறை ஆறுவதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரங்களில் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எஞ்சின் ஆறும்போது டிக், டிக் என்று மெல்லிய சத்தம் வரும். தகரக் கூரையில் முதல் மழைத் துளிகள்போல. ஒரு மைனா வந்து பேசின் விளிம்பில் உட்காரப் பார்த்தது. அரசி கல்லை விட்டெறியாமல், எழுந்து போய் பேசின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தாள். கூலன்ட் இனிக்கும், நாயோ பறவையோ குடித்தால் சாகும். சாக்கடையிலும் விடக் கூடாது. வடித்ததையெல்லாம் கேனில் சேர்த்தோம்.

ஐந்தாவது முறை வடித்தபோது பேசினின் அடி தெரிந்தது. பெட்டியை எடுத்துச் சோதித்தேன். நீலம்.

“இப்ப ஆட்டு தலைய,” என்றாள் அரசி.

புது வாஷர் போட்டு போல்ட்டை முடுக்கி, பச்சைத் திரவத்தை நூல்போல ஊற்றினாள். நான் வண்டியை இடமும் வலமும் மெல்லச் சாய்த்தேன். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழ் குமிழாக வெளியே வந்தது. தூக்கத்தில் குழந்தை உதட்டால் ஊதுவதுபோல. ஒவ்வொரு குமிழுக்கும் மட்டம் ஒரு நூல் இறங்கும், அவள் ஒரு நூல் ஊற்றுவாள். கடைசியில் குமிழ் நின்றது. பச்சை நின்றது. அதில் வானமும் ஒரு துண்டு மேகமும் தெரிந்தன.

கதிர் கேட்ட ஒரே கேள்வி

மறுநாள் ஷிப்டு முடிந்து நேராகக் கதிர் கடைக்குப் போனேன். அரசி வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று வண்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஊற்றியதைச் சொன்னேன். கதிர் சிரித்தார். “அன்னிக்கே வந்திருந்தா ஒரு டீ செலவோட போயிருக்கும் சார்.” உடனே வண்டிப் பக்கம் குனிந்தார். “தண்ணி நீங்க ஊத்துனது சரி. ஆனா மொதல்ல ஏன் கொறஞ்சுது? அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்ல?” ரேடியேட்டர் மூடியைக் கழற்றித் திருப்பினார். உள்ளே ரப்பர் வளையத்தில் மயிரிழை விரிசல். “பாத்துக்கங்க. இதும் வழியா ஆவியாப் போய்கினு இருந்திருக்குது. மாசில நான் மாத்தும்போது இத உத்துப் பாத்திருக்கணும். அது எம்மேல.”

புது மூடி போட்டார். பழையதைக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்.

அதன் பிறகுதான் குழுவில் போன செய்தியைச் சொன்னேன். என்ன எழுதியிருந்தாள், எவ்வளவு நேரம் இருந்தது, நான் ஏன் தாமதித்தேன் என்று எல்லாவற்றையும். அவர் பஞ்சை எடுத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்திருந்த கை.

“எத்தினி பேருங்க அதுல?”

“அரசியச் சேத்து பதினொண்ணு.”

“ம்,” என்றார். சாலையில் ஒரு கரி லாரி போய் அதன் தூசு அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவரிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்க சார். அப்படியே கட வடலூர் ரோட்டுல இருக்குதுன்னும் எழுதிடுங்க” என்றார். எழுதிவிட்டேன்.

திருத்தம்

ஆனி மாதத்துப் பக்கத்தில், நீல மையின் கீழே சிவப்பு மையில் இப்போது இப்படி இருக்கிறது: ‘வண்டி சுகம் இல்லை. விளக்கு எரிந்தது. குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். இரு மாதம் கழித்துச் சேர்த்தது.’ அரசி படித்துப் பார்த்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். சாவி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. எடுக்கலாம் என்று அவள் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு ஷிப்டு விட்டு வரும்போதெல்லாம் கதிர் கடையைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். எந்த வண்டி, எந்தக் கிழமை என்று குறித்தும் வைக்கிறேன். வண்டிக்காரிகளில் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். அரசியோடு பத்து. ஒரு நீல ஸ்கூட்டர் மட்டும் வரவில்லை. இரண்டு முறை அதை மந்தாரக்குப்பத்தில் வேறொரு கடை வாசலில் பார்த்தேன். அந்தப் பெண் அந்தப் பக்கம் வீடு மாறியிருக்கலாம். அந்தக் கடை அவருக்கு வழியில் இருக்கலாம். அல்லது அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் சோதனைக் குழாயை மூன்றாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் கையில் போன் இருந்திருக்கலாம். அழிக்கும் முன் அந்தச் செய்தியை அவர் பார்த்தாரா, திருத்தத்தைப் பார்த்தும் நம்பவில்லையா, இந்த வியாழக்கிழமை வரை உறுதி செய்யப்படவில்லை.